“எல்லாம் மனதில்தான்”



இந்த வாரத் தியானத்திற்காக 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தில் 7 முதல் 10 வரையுள்ள வசனங்களை வாசித்துவிட்டுத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். வழக்கமாக வேதபகுதியில் தொடங்கி நம் வாழ்க்கைக்கு வருவேன். இந்த வாரம் என் குற்றம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்த காலம். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதை நெருங்கிய ஒரு தாயார், கூட்டம் கலையும்வரை தூணருகே காத்திருந்து வந்தார். தோள், முதுகு, முழங்கால் என்று உடம்பு முழுவதும் ஆண்டுக்கணக்கில் வலி. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். “ராத்திரி பொரண்டு படுக்க முடியல ஐயா” என்றார்.

அடுத்த கூட்டத்திற்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால் அப்புறம் என்ன அம்மா? எல்லாம் மனதில்தான். விசுவாசத்தோடு ஜெபியுங்கள், சரியாகிவிடும்” என்று சொல்லி, தலையில் கைவைத்து அரை நிமிடம் ஜெபித்தேன். “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அதன்பின் நான் அந்தச் சேகரத்தில் இருந்த இரண்டு ஆண்டுகளிலும் அவர் தம் வலியைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்துச் சென்ற சேகரத்தில் ஒரு பிரதிஷ்டைப் பண்டிகை. அசனத்திற்காகச் சோறு நிறைந்த அண்டாவை இளைஞர்களோடு சேர்ந்து நானும் தூக்கினேன். இடுப்பில் ஒரு கயிறு அறுந்தாற்போல் இருந்தது. இரண்டு வாரத்தில் போய்விடும் என்றார்கள். இரண்டு மாதமாயிற்று, ஆறு மாதமாயிற்று. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். என் வலி மூன்று ஆண்டுகளைத் தாண்டியது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில், இடுப்புப் பகுதியில் இரண்டு இடங்களில் முதுகெலும்பு வட்டுகள் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. அந்தச் சொல் எனக்குள் குடியேறிவிட்டது. குனியும்போதெல்லாம் உள்ளே ஏதோ பிதுங்குவதாகவே தோன்றியது. ஆகவே குனிவதை விட்டேன். இருசக்கர வாகனத்தை விட்டேன். வீட்டுச் சந்திப்புகளைக் குறைத்தேன். திருவிருந்தில் முழங்காற்படியிடுவதை விட்டேன். கல்லறைத் தோட்டத்தில் நெடுநேரம் நிற்க வேண்டிவரும் என்று அஞ்சி, நானே நடத்தியிருக்க வேண்டிய ஓர் அடக்க ஆராதனைக்கு உபதேசியாரை அனுப்பினேன். அந்தக் குடும்பத்தாரின் முகத்தை அதற்குப்பின் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஜெபிக்காமல் இல்லை. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். உபவாசமிருந்தேன். நல்லெண்ணத்தோடு வந்த சிலர், “ஐயா, ஏதாவது அறிக்கையிடாத பாவம் உண்டா?” என்று கேட்டார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் கேட்ட அதே கேள்வி! பிறருக்குச் சுகம் வேண்டி ஜெபிக்கும் போதகன், தன் வலியை மறைக்கவே கற்றுக்கொள்கிறான். ஆனால் வீட்டாரிடம் மறைக்க முடியாதே. ஓர் இரவு என் மனைவி சொன்னாள்: “என்னங்க, வலி உங்க இடுப்புலதான் இருக்கு. ஆனா வீடு முழுக்க அதுதான் நடமாடுது.”

அவளுடைய வற்புறுத்தலால் நகரத்திலுள்ள ஒரு வலி மருத்துவரிடம் சென்றேன். அந்த அம்மையார் என் கால்களின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்தார். ஸ்கேனைப் பார்த்தார். பிறகு நான் எதிர்பாராத கேள்விகளைக் கேட்டார். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? வலி கூடும் நாட்களில் என்ன நினைக்கிறீர்கள்? அண்மையில் வீட்டில் துக்கம் உண்டா? வேலையில் மனக்கசப்பு உண்டா? என் தமையனார் மறைந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. சேகரத்தில் கணக்கு விவகாரம் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மருந்தோடும் பயிற்சியோடும் ஓர் உளவியலாளரையும் பார்க்குமாறு எழுதிக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. “அப்படியானால் என் வலி எல்லாம் மனதில்தான் என்கிறீர்களா?” என்றேன்.

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்த கணமே எனக்குள் ஏதோ நின்றுபோனது. தூணருகே காத்திருந்த தாயாரின் முகம் எதிரே வந்தது.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: “இல்லை ஐயா. உங்கள் வலி உண்மை. கால் ஒடிந்தவர்கூட மூளையின் வழியாகத்தான் வலியை உணருகிறார். நெருப்பு பிடித்தபோது எச்சரிக்கை மணி அடித்தது சரிதான். இப்போது நெருப்பு அணைந்துவிட்டது, மணி நிற்கவில்லை. இனி நாம் மணியைக் கவனிக்க வேண்டும்.”

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடி வாசித்தேன். நீங்களும் அறியவேண்டிய சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர் வியப்பான ஒன்றைக் கண்டார். படுகாயமுற்ற வீரர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர், கேட்டபோது வலிமருந்து வேண்டாம் என்றார்கள். ஊரில் அறுவை சிகிச்சை பெறுவோரோ அதைவிடச் சிறிய காயத்திற்கே மருந்து கேட்டார்கள். வீரனுக்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்பும் வழி, நோயாளிக்கோ அது வாழ்க்கையில் விழுந்த இடி என்று பீச்சர் எழுதினார். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல, அந்தக் காயம் நமக்கு என்ன பொருள் தருகிறது என்பதும் வலிக்குள் இருக்கிறது.

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடக்கிறது. மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பி அந்த வாசலை அகலத் திறக்கலாம், ஒருக்களித்தும் வைக்கலாம். அச்சமும் உறக்கமின்மையும் துக்கமும் வாசலைத் திறக்கின்றன. அமைதியும் நம்பிக்கையும் கவனத்தை வேறிடத்தில் வைப்பதும் அதைச் சற்று மூடுகின்றன. பிற்கால ஆய்வுகள் அவர்களுடைய விளக்கத்தின் நுணுக்கங்களைத் திருத்தியிருக்கின்றன. ஆனால் வலியை மூளை கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது.

என்னை அச்சுறுத்திய அந்த ஸ்கேனைப் பற்றியும் ஒன்று அறிந்தேன். முதுகுவலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-இல் வெளியிட்டார்கள். எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டோருக்கு எங்காவது ஒரு வட்டு பிதுங்கியிருந்தது. வட்டு பிதுங்குவதால் யாருக்கும் வலி வராது என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் என் அறிக்கையிலிருந்த சொல்லைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று விளங்கிற்று.

இங்கே நம் மண்ணில் பிறந்த ஒருவரை நினைக்கிறேன். மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. வலியை உணர முடியாததால் அறியாமல் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். இரவில் எலி விரலைக் கடித்தாலும் நோயாளி விழிக்கவில்லை. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்களாம்! பிற்காலத்தில் அமெரிக்காவில், வலிக்கு மாற்றாக ஒலி எழுப்பும் கருவிகளை அவரும் குழுவினரும் செய்து பார்த்தார்கள். அது தோற்றது. செய்யவேண்டிய வேலை எதிரே இருந்தால், நோயாளி ஒலியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எனவேதான் வலியைத் தேவன் தந்த கொடை என்று அவர் எழுதினார்.

அதை வாசித்தபோது எனக்கு ஒரு வினா எழுந்தது. கொடை என்றால், ஏன் என்னை இப்படி நசுக்குகிறது? மருத்துவர் சொன்ன மணிதான் விடை. காவலன் நல்லவன்தான். ஆனால் திருடன் போனபின்னும் கத்திக்கொண்டே இருக்கும் காவலனை விரட்டவும் கூடாது, அவன் சொல்வதையெல்லாம் நம்பவும் கூடாது. அருகே உட்கார்ந்து அவனை அமைதிப்படுத்த வேண்டும்.

அதற்கான பயிற்சி மிகச் சாதாரணமானது. முதலாவது, அளந்து செய்தல். வலி குறைந்த நாளில் நான் எட்டு வீடுகளைச் சந்திப்பேன், பிறகு மூன்று நாள் படுக்கையில் கிடப்பேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்னும் உளவியலாளர் தம் நோயாளிகளுக்குக் கற்பித்த வழியையே எனக்கும் சொன்னார்கள்: வலி நிறுத்தும்வரை அல்ல, முன்னமே வகுத்த அளவுவரை. நாள்தோறும் எட்டு நிமிட நடை. நன்றாயிருந்தாலும் எட்டு, மோசமாயிருந்தாலும் எட்டு. அடுத்த வாரம் ஒன்பது. நல்ல நாளில் நிறுத்துவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அதில் என் பெருமையும் கொஞ்சம் கரைந்தது.

இரண்டாவது, அஞ்சியவற்றைப் பட்டியலிட்டு, எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தல். நாற்காலியிலிருந்து குனிந்து செருப்பை எடுப்பது முதற்படி. முழங்காற்படியிடுவது கடைசிப்படி. மூன்றாவது, வலி எழும்போது மனம் சொல்வதை எழுதிப் பார்த்தல். “இனி ஊழியம் முடிந்தது” என்று நான் எழுதியிருந்தேன். எழுதியதை மறுநாள் காலையில் வாசித்தபோது, அது உண்மையைவிட அச்சமாகவே தெரிந்தது.

நான்காவது, மூச்சைக் கவனித்து உடலைத் தளரவிடுதல். இதைக் கேட்டு உங்களில் சிலர் நெற்றியைச் சுருக்குவீர்கள், நானும் சுருக்கினேன். 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் என்பவர் நாள்பட்ட வலியுள்ளோருக்கும் கற்பிக்கத் தொடங்கிய பயிற்சிக்குப் பௌத்த தியானத்தில் வேர் உண்டு. ஆனால் மூச்சு எந்த மதத்தின் சொத்துமல்ல. மண்ணிலிருந்து உருவாக்கிய மனிதனுக்குத் தேவன் ஊதித் தந்தது அது. கிழக்கத்தியத் திருச்சபையின் துறவியர் ஆண்டவருடைய நாமத்தை மூச்சோடு இணைத்து ஜெபிப்பதைப் பல நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவ்வாறே செய்தேன். மூச்சு உள்ளே வரும்போது “இயேசுவே”, வெளியே போகும்போது “இரங்கும்”. அதுவரை என் ஜெபம் வலியோடு போடும் சண்டையாக இருந்தது. அன்றுமுதல் வலியிருக்கும் உடலோடு ஆண்டவருக்கு முன் அமர்ந்திருக்கக் கற்றேன்.

வலி போயிற்றா என்று கேட்பீர்கள். போகவில்லை. இப்பயிற்சிகளின் பலன் பொதுவாகப் பெரிதல்ல, ஆனால் உண்மையானது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுவே. வலி சற்றுத் தணிந்தது, வாழ்க்கை அதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. பதினான்கு மாதங்களுக்குப் பிறகு, ஒரு பெரிய வியாழன் இரவில், திருவிருந்து மேசைக்கு முன் முழங்காற்படியிட்டேன். வலித்தது. எழுந்து, அப்பத்தைப் பகிர்ந்தேன்.

இப்போது வேதத்துக்கு வருவோம். சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டியெழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி உண்ணச் செய்தான். அதன்பின்தான் தேவன் அவனோடு பேசினார். உடலையும் ஆத்துமாவையும் படைத்தவர் இரண்டையும் சேர்த்தே கவனிக்கிறார். பவுலுக்கோ ஒரு முள் இருந்தது. மூன்று முறை வேண்டிக்கொண்டான். முள் எடுக்கப்படவில்லை, அதைச் சுமக்கப் போதுமான கிருபை வாக்களிக்கப்பட்டது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று நம்மில் எவர் சொல்வோம்?

அந்தப் பெரிய வியாழனுக்குப் பிறகு ஒரு கடன் பாக்கியிருந்தது. பேருந்தேறி அந்தத் தாயாரைப் பார்க்கச் சென்றேன். நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிக் குடும்பத்தைக் கரையேற்றியவர். இப்போது சுற்றுவதில்லை, முறம் சுவரில் சாய்ந்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த மாத்திரத்தில், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னே வைத்தார். அதற்குப் பிறகுதான் கருப்பட்டிக் காப்பி போடப் போனார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று படிக்கட்டில் சொன்னதை நினைவிருக்கிறதா என்றேன்.

“நெனவிருக்குய்யா” என்றார். சற்று நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வலி பொய்யின்னு ஆனதும், நானே பொய்யின்னு ஆயிட்டமாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் ஆண்டவர்கிட்டகூட அதப்பத்திச் சொல்ல வெக்கமாப் போச்சு.”

பிரியமானவர்களே, என் ஊழியத்தில் நான் கேட்ட மிகக் கடுமையான தீர்ப்பு அது. ஓர் ஆத்துமா தன் ஆண்டவரிடம் முறையிடும் வாசலை, ஆண்டவருடைய ஊழியனாகிய நானே அடைத்திருந்தேன்.

“இப்போது சொல்லுங்கள் அம்மா” என்றேன். ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய மகன் வளைகுடா நாட்டில் இறந்து, உடல் ஊர் வந்து சேர இருபது நாட்கள் ஆகின. அந்த ஆண்டில்தான் தோள்வலி தொடங்கியது. மகனை அடக்கம்பண்ணியவன் நான். இரண்டையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. துக்கம்தான் வலிக்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவனல்ல. நாற்பது ஆண்டு குனிந்த வேலையும் அந்த உடம்பில் இருக்கிறது. ஆனால் துக்கத்தையும் வலியையும் ஒரே உடம்புதான் சுமந்தது, ஒருவரும் உடன் சுமக்கவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். முதலில் அவர் ஜெபித்தார், தோளின் பெயரையும் மகனின் பெயரையும் சொல்லி. அவருடைய மகளிடம் வலி மருத்துவரின் விவரங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் சபையாரிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். நாள்பட்ட வலியோடு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமற்ற எடை குறைவு ஆகியவை முதுகுவலியோடு வந்தால் தாமதிக்கவே கூடாது. இரண்டாவதாக, மருத்துவர் உளவியலாளரிடம் அனுப்பினால் அதை அவமானமாக எண்ணாதீர்கள். உங்களைப் பொய்யர் என்று எவரும் சொல்லவில்லை, உங்களை முழுமையாகப் பார்க்கிறார்கள். மூன்றாவதாக, வலியில் இருப்பவரைச் சந்திக்கும் நாம் காரணம் சொல்ல அவசரப்பட வேண்டாம். யோபுவின் நண்பர்கள் செய்த மிகச் சிறந்த ஊழியம், வாய் திறக்குமுன் ஏழு நாட்கள் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்ததுதான். நம்மால் ஏழு நாட்கள் முடியாவிட்டாலும், ஒரு தலையணையை எடுத்து வைக்கவாவது முடியும்.

ஜெபம்: எங்கள் உடலின் சட்டத்தை அறிந்திருக்கிற ஆண்டவரே, இந்த இரவிலும் புரண்டு படுக்க முடியாதவர்களை நினைத்தருளும். அவர்களுடைய வலியை நீர் உண்மையென்று அறிவீர். முள் எடுக்கப்பட்டாலும் எடுக்கப்படாவிட்டாலும், உம்மிடம் முறையிடும் வாசலை எவரும் அடையாதபடி காத்தருளும். அடைத்தவர்களாகிய எங்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.